சிவப்புப் பொட்டு

ப்ளஸ் மின்சாரத்தை மைனஸ் பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றித் தரும் அந்த பவர் சப்ளை, குழந்தைகளின் மூச்சைக் கண்காணிக்கும் கருவிக்குள் போக வேண்டியது. எவ்வளவு தருகிறோம் என்பதை அதற்கே திருப்பிச் சொல்லும் பாதையில், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு. அதைப் பன்னிரண்டில் நிறுத்தி, யாரும் தொடாதபடி சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள் பெனிட்டா. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அவள் மீட்டரில் மைனஸ் பதின்மூன்று. பொட்டில் கீறல்கூட இல்லை. பக்கத்து மேஜைத் தணிகாசலத்தை முறைத்தாள்.

“இதை யாரு சார் தொட்டது?”

“நான் ஏம்மா தொடறேன்? இந்தா, என் மீட்டர்ல பாரு.”

அதில் சரியாகப் பன்னிரண்டு. பொய் சொல்வது அவளுடைய மீட்டர். அதை நம்பித் திருகியிருந்தால் கருவி தப்பாகவே போயிருக்கும், அவள் கையெழுத்தோடு. பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே கசிந்து வெளுத்த பழைய பேட்டரி; சக்தி குறைந்தால் மீட்டர் கூட்டித்தான் காட்டும். காலையில் அவள் போட்டது புதியது. தன்னுடையது என்று தெரிய அதிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள்.

“சார், உங்க மீட்டரையும் கொஞ்சம் கழட்டிப் பாக்கலாமா?”

“எதுக்கும்மா?” என்றபடி அவள் கையிலிருந்து தன் மீட்டரை வாங்கிய தணிகாசலம், மூடியுள்ள பக்கத்தை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.