மூன்றாவது ஓட்டம்

கான்ஸ்டபிள் தேர்வின் முடிவு வந்துவிட்டது. தாராவி வீட்டில் அனிஷா போனைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்தாள். முதல் வருடம் உடல்தகுதித் தேர்வில் ஓடும்போது முழங்கால் பிசகியது. அடுத்த வருடம் கணுக்கால் எலும்பு முறிந்தது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

அப்பா தனசீலன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஓடுனது நான். உங்களுக்கு எதுக்குப்பா இப்படி வேர்க்குது?"

"சீக்கிரம் பாருட்டி."

பார்த்தாள். பட்டியலில் பெயர் இருந்தது.

"கர்த்தர் என் மானத்தைக் காப்பாத்திட்டாரு" என்று தனசீலன் சுவரில் சாய்ந்தார்.

"உங்க மானத்தையா?"

"நீ பாஸாயிட்டன்னு போன ஞாயித்துக்கிழமையே சர்ச்ல சாட்சி சொல்லிட்டேன்ட்டி. பாஸ்டர் கண்ணீரோட நன்றி ஜெபமே பண்ணிட்டாரு."

"கான்ஸ்டபிள்னுதான சொன்னீங்க?"

தனசீலன் மறுபடியும் முகத்தைத் துடைத்தார்.

"ஏட்டி, இன்ஸ்பெக்டருக்கு எவ்வளவு தூரம் ஓடணும்?"