மருந்தில்லாத கிண்ணம்

அக்காவைக் கொன்ற புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த செல்கள், நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் வெடித்துச் சிதறிக் கிடக்கின்றன. நித்தியகல்யாணிச் செடியின் சத்தைக் கொஞ்சம் மாற்றி, தங்கை தன் கையால் செய்த புது மருந்து அவை இருக்கும் கிண்ணத்தில் ஊற்றப்பட்டிருக்கிறது. "சாவு, சனியனே! சாவு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மேசையைக் குத்துகிறாள். கூட வேலை செய்கிறவர் பக்கத்துக் கிண்ணத்தை நுண்ணோக்கியின் கீழ் நகர்த்தி வைக்கிறார். அதிலும் அதே செல்கள்தான்; ஆனால் மருந்து இல்லை, மருந்தைக் கரைக்கும் திரவம் மட்டுமே. அங்கேயும் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. "கொன்னது மருந்து இல்லம்மா. திரவத்த அதிகமா ஊத்திட்டோம்." அவள் வீசிய மருந்துக் குடுவை சுவரில் மோதி நொறுங்குகிறது. சில்லுகளை வெறுங்கையால் அள்ளுகிறாள். சிதறிய வெள்ளை மருந்துத் தூளில் ரத்தம் சொட்டுகிறது. மூலையில், வெதுவெதுப்பான பெட்டிக்குள், மிச்சமிருக்கும் கிண்ணங்களில் அக்காவின் கட்டி நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கிறது.