முந்நூறாவது நாள்

மாரக்காள் விழுந்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

கட்டிலுக்கும் குளியலறை வாசலுக்கும் நடுவே, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாராவது பார்த்தால் கொள்ளேகால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பார்க்கத்தான் யாரும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரியை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். புருஷன் கெம்பையன் கீழே காபி வாங்கப் போயிருந்தான். ஒரு காபிக்குப் போனால் ஊர் உலகத்தையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வருவான்.

சன்னலுக்கு வெளியே சாமுண்டி மலை நின்றது. பாதி மலையை மேகம் தின்றிருந்தது. மைசூருக்கு வந்த இந்த ஐந்து நாளில் இன்றுதான் மலை இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது. அவளுடைய வலது பாதம்கூட அந்தப் பக்கமே திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது தன் பாதம்தானா என்று அவளுக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

தரை குளுமையாக இருந்தது. இடுப்புக்குள் யாரோ தூரத்தில் நின்று கூப்பிடுவது போல இருந்தது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

திறந்திருந்த கதவு வழியாக எதிர்ச்சுவரில் அந்த வெள்ளைப் பலகை தெரிந்தது. அதிலிருக்கும் கன்னட எழுத்து அவளுக்குத் தெரியாது. எண் தெரியும்.

முந்நூறு.

இந்த வார்டில் நோயாளி யாரும் கீழே விழாமல் கழிந்த நாட்களின் கணக்கு அது. நர்ஸ் ஜூடித் முதல் நாளே சொல்லிவிட்டாள். நடுவில் ஒருத்தர் விழுந்தால் போச்சு, மறுபடியும் சைபரிலிருந்துதான்.

அந்த மாடியில் மாரக்காளோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள் ஜூடித். காலையில் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதுவதும் அவள்தான். எழுதிவிட்டு, கோலம் போட்டவள் போல நாலடி தள்ளி நின்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே மாரக்காளுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இன்று பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரிக்கு மார்க் போடும் பெரிய ஆட்கள் வருகிறார்கள். மதியம் கட்டிலுக்குக் கட்டில் மைசூர்பாக் உண்டு. காலையில் மாத்திரை கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டு ஜூடித் சிரித்தாள். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

பெரிய ஆட்கள் வரும்போது தான் எண்ணெய் வழியும் முகத்தோடு கிடந்தால் அந்தப் பெண்ணுக்குத்தானே கேவலம். அதனால்தான் மாரக்காள் முகம் கழுவ எழுந்தாள்.

மணியை அழுத்தியிருக்கலாம். தனியாக எழுந்து நடக்கக் கூடாது, மணியடித்து ஆளைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லித்தான் கையில் மஞ்சள் பட்டையைக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டியவள் எல்லை தாண்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனால் ஜூடித் காலையிலிருந்து பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். முகம் கழுவவெல்லாம் அவளைக் கூப்பிட மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரி கொடுத்த பைஜாமா ஒரு சாண் நீளம் அதிகம். அது காலில் சிக்கிக்கொண்டது.

மாதேஸ்வரா, எப்படியாவது கட்டிலுக்குப் போய்விட்டால் போதும். விழுந்தது யாருக்கும் தெரிய வேண்டாம். முந்நூறு முந்நூறாகவே இருக்கட்டும்.

கையை ஊன்றினாள். எழ முடியவில்லை.

ஜூடித் உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தரை சில்லுன்னு இருந்துச்சு கண்ணு. சும்மா உக்கோந்துட்டேன்" என்றாள் மாரக்காள். சிரிக்கவும் செய்தாள்.

ஜூடித் சிரிக்கவில்லை. கட்டில் தலைமாட்டிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லி வெளியே குரல் கொடுத்தாள். பிறகு பக்கத்தில் மண்டியிட்டாள். மாரக்காளின் மேலுதட்டு வேர்வையைப் பார்த்தாள், சன்னல் பக்கம் திரும்பிக் கிடந்த பாதத்தைப் பார்த்தாள்.

"அசையாதீங்க. வலி பத்துக்கு எத்தனைம்மா?"

தினமும் கேட்கிற கேள்விதான். பித்தப்பைக் கல்லை எடுத்த அன்று மாரக்காள் ஏழு சொன்னாள். மறுநாள் நாலரை. நேற்று, ஒண்ணுன்னு வச்சுக்க என்றாள். சந்தையில் பேரம் படிவது போல வலி ஒவ்வொரு நாளும் இறங்கி வந்திருந்தது.

"சைபர்" என்றாள் இன்று.

சொல்லும்போது அவள் ஜூடித்தைப் பார்க்கவில்லை. அவள் கண் ஜூடித்தின் தோளைத் தாண்டி, கதவையும் தாண்டி எங்கேயோ இருந்தது. ஜூடித் திரும்பி, அந்தக் கண் போன இடத்தைப் பார்த்தாள்.

எழுந்து வெளியே போனாள்.

லிப்ட் திறந்தது. பல ஜோடிக் காலணிகளின் சத்தமும் கன்னடத்தில் வரவேற்கும் குரல்களும் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பது போல மாரக்காளுக்குக் கேட்டன.

ஜூடித் துணியைத் தேடவில்லை. உள்ளங்கையாலேயே முந்நூறைத் துடைத்தாள். பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டாள். இந்த முறை தள்ளி நின்று பார்க்கவில்லை. நேரே திரும்பி வந்து அதே இடத்தில் மண்டியிட்டாள்.

"இப்ப சொல்லுங்கம்மா."

மாரக்காள் பலகையைப் பார்த்தாள். சன்னலில் மலை முழுக்க மறைந்துபோயிருந்தது. அவ்வளவு நேரம் தூரத்தில் நின்று கூப்பிட்டது இப்போது காதருகே வந்துவிட்டது. மசி படிந்து கறுத்திருந்த ஜூடித்தின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பது, கண்ணு" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.