கொழுப்பு யாருக்கு?

கட்டிலில் படுத்திருந்த அம்மாளின் கழுத்தில் டாக்டர் ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தாள். தன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாளுக்குத் தூக்கமில்லை. பயத்தை மறைக்க மருமகளைத் திட்டினாள்.

“எண்ணெயை ஒளிச்சு வெச்சுடறா டாக்டரம்மா. வாய்க்கு ருசியா ஒண்ணு தின்ன விடறதில்ல. உடம்பு பூரா கொழுப்பு அவளுக்கு.”

“பேசாதீங்க, படம் ஆடுது.”

டாக்டரின் கண் திரையை விட்டு அகலவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

“ரெண்டு பக்கமும் ரத்தக்குழாய் சுத்தமா இருக்கு. கொழுப்பே படியல.”

அம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“எல்லாம் அவ புண்ணியம். அவகிட்ட சொல்லிடாதீங்க, தலைகால் புரியாம ஆடுவா.”

“டாக்டர் சொல்லமாட்டாங்க அத்தை,” கருவியைத் துடைத்தபடி டாக்டர் சிரித்தாள். “ஆனா மருமக காதுல விழுந்துடுச்சே.”

“விழட்டும்னுதான்டி சொன்னேன்.”