நகமுள்ள தவளைகள்

பழவேற்காட்டுக் கோட்டையின் டச்சு வைத்தியர் யோகான், ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்த நகமுள்ள தவளைகளைத் தொட்டியில் வளர்த்தார். முட்டை தவளையாவதை நாள்தோறும் படம் வரைந்து உலகுக்குக் காட்டுவது அவர் கனவு. நான்கு மாதமாகியும் நோட்டு வெள்ளையாகவே கிடந்தது.

"நாளை எனக்குக் கப்பல், பவுனம்மா! ஒரு முட்டைகூட இல்லையே!"

"அழுவாத தொரை, சாப்பிடு," என்றாள் சமையற்காரி.

சினை வறுவல் வழக்கம்போல் அமிர்தமாக இருந்தது. அந்தத் துக்கத்திலும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இது எந்த மீனின் சினை?"

"முகத்துவாரம் அடைச்சதிலேர்ந்து ஏரியில மீன் ஏது? சினைக்காகத்தானே நீ அதுங்கள வளக்கிற? நீ எழுந்திருக்கிறதுக்குள்ள தொட்டியிலேர்ந்து வழிச்சி வறுத்துடுவேன். சத்தியமா ஒண்ணுகூட நான் வாயில வெச்சதில்ல, தொரை!"