மாப்பிள்ளை பிடித்த கடை

என் வீட்டுக்காரர் எர்மெக்குக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் குறை சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"பெர்மெத், இன்னைக்கு நான் எது சொன்னாலும் நீ குறுக்கே பேசாதே. அத்தை முதல் தடவையா நம்மகூட வர்றாங்க. எல்லாம் முதல் தரமா இருக்கணும்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

அப்பா போன பிறகு இரண்டு வருஷமாக அம்மா பிஷ்கெக் பட்டணத்தை விட்டு நகரவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே நல்ல சாப்பாடு சாப்பிடலாம் என்று கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தது இவர்தான். காலையில் ஒரு நீலப் பட்டுத் தலைத்துணி வேறு வாங்கிக் கொடுத்தார். அம்மா அதைத் தன் பழைய துணிக்கு மேலேயே கட்டிக்கொண்டார்.

கணவாயைத் தாண்டி சூசமீர் புல்வெளியில் இறங்கினால், ரோட்டோரம் வரிசையாகக் கூடாரக் கடைகள். இவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஒன்றில் கூட்டமாம், ஒன்றில் பாட்டுச் சத்தமாம். கடைசியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளித் தனியாக நின்ற வெள்ளைக் கூடாரத்துக்கு வண்டியைத் திருப்பினார்.

வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

"அக்கா, சாப்பாடு இருக்கா? மாமியாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். அவங்க முன்னாடி என் பேரைக் கெடுத்துடாதீங்க."

அந்த அக்கா எங்கள் மூன்று பேரையும் ஒரு நொடி பார்த்தார். பிறகு வாசல் கம்பளியைத் தூக்கிப் பிடித்தார்.

"உள்ளே வாங்க."

ரொட்டி வந்தது, பாலேடு வந்தது, எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு போர்சோக் சுடச்சுட வந்தது. திறந்த வாசல் வழியே பனிமலையும், ஆற்றோரம் மேயும் குதிரைகளும் தெரிந்தன. ரொம்ப நாளைக்கப்புறம் அம்மா ரசித்துச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"கறி எங்கேக்கா? ஒரு மணி நேரம் ஆச்சே."

"இதோ தம்பி."

கறி வந்ததும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "வேகவே இல்ல. முன்னெல்லாம் மலைக்காரங்க வீட்டுக்கு யார் போனாலும் ஆடு அடிச்சுப் போடுவாங்க. இப்ப எல்லாம் வியாபாரமாப் போச்சு."

"பேசாம சாப்பிடுங்க மாப்பிள்ளை. எனக்கு நல்லாவே மெல்ல வருது" என்றார் அம்மா, இருக்கிற நாலு பல்லை வைத்துக்கொண்டு.

அம்மாவின் பார்வை, சுவரோரம் அடுக்கியிருந்த புது மெத்தைகள் மேலேயே இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கையையும் ஏந்தி, "இந்த வீட்டுப் பொண்ணு போற இடத்துல நல்லா வாழணும்" என்று வாழ்த்தினார்.

"கடைக்காரிக்கு இப்படி ஒரு வாழ்த்தா?" என்று இவர் என் காதில் சிரித்தார்.

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு கூடாரத்தின் பின்பக்கம் போனார். அங்கே அந்த அக்கா அவசர அவசரமாக மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவர் புருஷன் ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

"எவ்வளவு ஆச்சுக்கா? ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கறியை இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல விட்டிருக்கணும்."

"ஆமா தம்பி. பொண்ணுக்குச் சீர் மெத்தைகூட அடுக்கியாச்சு. சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா வர்றாங்க, அவங்களுக்காகப் போட்டது. நீங்க பசியோட வந்தீங்களா, பாதியில எடுத்துட்டேன்."

"சம்பந்தியா? அப்ப இது கடை..."

"கடையெல்லாம் ரோட்டோரம் இருக்கு. இது எங்க வீடு."

இவர் பணத்தோடு நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. "ஏங்க்கா முதல்லயே சொல்லல?" குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"மாமியார் முன்னாடி பேரைக் கெடுத்துடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" மாவு ஒட்டிய கைகளைப் பணத்தில் படாமல் பின்னால் கட்டிக்கொண்டார். "போங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

நாங்கள் காருக்கு வந்து வெகு நேரம் கழித்துத்தான் அம்மா கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். மெதுவாக வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"ரொம்ப நல்ல கடை மாப்பிள்ளை. பிடிச்சாலும் பிடிச்சீங்க, இப்படி ஒரு கடையில நான் சாப்பிட்டதே இல்ல."

இவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நல்லவேளை, அத்தைக்கு ஒண்ணும் தெரியல" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் தலையில் பழைய துணி மட்டும்தான் இருந்தது. நீலப் பட்டு, தூரத்தில் கூடாரத்து வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்த அந்த அக்காவின் தலையில் இருந்தது.