அப்பாவின் மாத்திரைகள்

“உங்க அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க? மறைக்காம சொல்லுங்க,” என்றார் டாக்டர்.

“அம்மாவா? தலைவலிக்குக்கூட ஒண்ணு போட்டது கிடையாது டாக்டர்,” என்றாள் மகள்.

அவள் ஆடிட்டர். தன் பேச்சை யாராவது நம்பவில்லை என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும். காலையில் சமையலறையில் பேச்சு மூச்சில்லாமல் விழுந்த அம்மா, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒயர்களுக்கு நடுவே கிடந்தாள்.

டாக்டர் இசிஜி தாளைக் காட்டினார். இதயம் தாறுமாறாகத் துடித்திருக்கிறது, இந்த மாதிரி பெரும்பாலும் மாத்திரையால்தான் வரும் என்றார்.

“எதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும்மா. இல்லேன்னா மறுபடி வரும். அப்போ காப்பாத்த முடியுமான்னு தெரியாது.”

வீட்டில் இருப்பதெல்லாம் அப்பாவின் மாத்திரைகள்தான் என்றாள் மகள். சளிக்கு ஒரு டாக்டர், வாந்திக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர் எழுதிக் கொடுத்தவை.

பெயர்களைக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றும் ஒன்று சேர்ந்தால் இதே விபரீதம்தான் வரும். ஒருவேளை அம்மா இவற்றைத் தவறுதலாக எடுத்திருப்பார்களோ என்று கேட்டார்.

“வாய்ப்பே இல்ல. வேளைக்கு ஒரு அறைன்னு டப்பாவில நானே போட்டு வைப்பேன். சாயங்காலம் வந்து பார்ப்பேன். காலியா இருக்கும். அப்பா ஒரு வேளை தவறினதில்ல.”

பக்கத்திலிருந்த அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

டாக்டர் பதறிப்போய் அவரையும் படுக்க வைத்து இசிஜி எடுத்தார். ஒரு குறையும் இல்லை. இத்தனை மாத்திரையைத் தாங்கியும் இப்படி ஓர் இதயமா என்று அசந்துபோனார்.

“வேளை தவறாம மருந்து கொடுத்தா இப்படித்தான் இருக்கும்,” என்றாள் மகள், அந்தக் கவலையிலும் கொஞ்சம் பெருமையாக.

அப்போது நர்ஸ் கதவைத் திறந்து, அம்மா கண் விழித்துவிட்டதாகச் சொன்னாள். எல்லோரும் ஓடினார்கள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவோ எழுந்திருக்கப் பார்த்தாள்.

“விடுடி, வீட்டுக்குப் போகணும். மத்தியான மாத்திரை அப்படியே கிடக்கும். உங்கப்பா தொடவே மாட்டார். நீ வந்து பார்த்தா அவரைத் திட்டுவ, காசு கொடுத்து வாங்கின மாத்திரையைத் தூக்கிப் போடவும் எனக்கு மனசு வராது. வழக்கம்போல நான்தான் முழுங்கணும்.”